மூக்குச் சதையை வெட்டி அனுப்பும் டாக்டர்களுக்கு



ஃபார்மலின் பாட்டிலோடு நீங்கள் எங்களுக்கு அனுப்பும் சீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பேர், வயது, ஐ.பி. நம்பர், அதன் கீழே 'மூக்கில் பாலிப், பயாப்ஸிக்கு' என்று ஒரு வரி. சில சமயம் இடதா வலதா என்பதுகூட இருக்காது. பேத்தாலஜியில் அந்தச் சதை மெழுகில் ஏறி, சீவப்பட்டு, சாயம் பூசிக்கொண்டு, 'அழற்சிப் பாலிப். புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை' என்று ஒன்றரை வரியாகத் திரும்பி வருகிறது. கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில். நீங்கள் அதைக் கேஸ் ஷீட்டில் கோத்துவிட்டு, நோயாளியிடம் பயப்பட ஒன்றுமில்லை என்கிறீர்கள். சில வருஷம் கழித்து அதே ஆள் அதே அடைப்போடு வருகிறார். மறுபடியும் அதே சீட்டு, அதே ஒன்றரை வரி.

இதை ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பியிருக்கலாம். உங்களில் சிலர் படித்திருப்பீர்கள், படித்ததோடு போயிருக்கும். உங்கள் அறைக்கு வெளியே டோக்கனைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருப்பவரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். 'என் சதையில என்ன செல் இருந்துச்சு டாக்டர்?' என்று அவர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்கச் சொன்னது நான்தான்.

அந்த ஒன்றரை வரியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை இருந்தால், அது இன்வர்ட்டட் பாப்பிலோமாவா, அதைவிட மோசமான ஒன்றா என்று பிரித்துச் சொல்வதுதான் எங்கள் முதல் வேலை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாயில் குளித்து வளர்ந்தவரின் மூக்குச் சதையில் ரைனோஸ்போரிடியோசிஸின் உருண்டைகள் கண்ணில் பட்டால் கதையே வேறு. ஆனால் உங்கள் தியேட்டரில் நாள்தோறும் வெளியே வரும் சதை பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் வளர்ந்து, வாசனையைத் தின்றுவிட்டு, பல பேருக்கு ஆஸ்துமாவையும் கூட்டிக்கொண்டு வருகிற, புற்றுநோய் இல்லாத சதை. 'புற்றுநோய் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்த நோயாளிக்கு நாம் எதையுமே சொன்னதாகாது.

எண்டோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் உரித்த திராட்சை மாதிரிதான் தொங்குகின்றன. ஸ்லைடில் ஏற்றினால் அந்த ஒற்றுமை காணாமல் போகும். ஒன்றில் நீர் கோத்த திசுவுக்குள் இளஞ்சிவப்புப் பொடி நிறைந்த ஈசினோஃபில்கள் கும்பல் கும்பலாக நிற்கும். அடுத்ததில் ஈசினோஃபில் அங்கொன்று இங்கொன்று. நியூட்ரோஃபில்கள் மேற்சவ்வைத் துளைத்துக்கொண்டு போகும். மூன்றாவதில் பிளாஸ்மா செல்லும் லிம்ஃபோசைட்டும். நான்காவதில் செல்லே அதிகமில்லை, நார்தான். நான்கும் உங்களிடமிருந்து ஒரே பேரில் வந்தவை; ஒரே பேரில் திரும்பிப் போகின்றன. என் ஆதங்கம் இதுதான்.

ஈசினோஃபில் என்பது நம் ஊரில் நோயாளிக்கே தெரிந்த பேர். 'எனக்கு இஸ்னோபீலியா இருக்கு' என்று சொல்லாத ஆஸ்துமாக்காரர் உண்டா? அந்தச் செல்லை 1879-இல் ஈயோசின் சாயத்தைக் கொண்டு அடையாளம் காட்டியவர் பால் எர்லிக். அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் தன் டாக்டர் பட்ட ஆய்வில் மாஸ்ட் செல்லை விவரித்திருந்தார். மூக்குச் சதையில் முக்கியமான இரண்டு செல்களை ஒரே இளைஞர் அடுத்தடுத்துக் கண்டுகொண்டார். நாமோ அவர் பயன்படுத்திய அதே சாயத்தை இன்றைக்கும் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஊற்றிவிட்டு, அது காட்டுவதை எண்ணாமல் மூடி வைக்கிறோம்.

ஈசினோஃபில் அந்தச் சதையில் ஏன் குவிகிறது? இன்டர்லூகின்-5 என்கிற செய்திப் புரதம் அதைச் சாகவிடாமல் பிடித்து வைக்கிறது. பாலிப் திசுவில் ஈசினோஃபில்களின் சாவு தள்ளிப்போவதையும், இன்டர்லூகின்-5ஐ முடக்கினால் அவை சாகத் தொடங்குவதையும் 1997-லேயே காட்டிவிட்டார்கள். சாகும்போதும் அது சும்மா சாவதில்லை. உள்ளிருக்கும் கேலெக்டின்-10 என்ற புரதம் ஊசி முனை கொண்ட படிகங்களாக உறைகிறது. சார்க்காட், லெய்டன் என்ற இருவர் பேரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நாம் பாடப் புத்தகத்தில் படித்துவரும் படிகங்கள்தான் அவை. வெறும் குப்பை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். அந்தப் படிகங்களே அழற்சியைத் தூண்டிவிடுகின்றன என்று பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். பிசின்போல் இறுகிய பழுப்புச் சளியை சக்‌ஷனில் இழுத்துவிட்டுப் பாட்டிலில் சதையை மட்டும் போடுகிறீர்களே, அந்தப் படிகங்கள் அதிகம் இருப்பது அந்தச் சளியில்தான். இதைப் பின்னால் தனியாகக் கேட்கப் போகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லாப் பழியையும் ஈசினோஃபில் தலையில் கட்டிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. டெக்ஸ்பிராமிபெக்ஸோல் என்று ஒரு மாத்திரை. அமெரிக்காவில் பாலிப் உள்ள சிலருக்கு ஆறு மாதம் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. ரத்தத்திலும் சதையிலும் ஈசினோஃபில் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. ஆனால் சதை அளவில் துளியும் குறையவில்லை. ஈசினோஃபில் நமக்குக் கண்ணில் படும் சாட்சி. அதைக் கூட்டி வந்தவர்கள் பலர்.

யார் யார்? முதலில் மேற்சவ்வுச் செல்கள். தூசியோ பூஞ்சையோ ஸ்டேஃபிலோகாக்கஸின் நச்சோ அவற்றைக் கீறினால் இன்டர்லூகின்-33, டி.எஸ்.எல்.பி. போன்ற அபாயச் செய்திகளை அவை வெளியே விடுகின்றன. அதைக் கேட்டு விழிப்பவற்றில் ஒன்று ஐ.எல்.சி.-2 என்ற உள்ளார்ந்த லிம்ஃபாய்டு செல். அந்தச் செல் மூக்குச் சதையில் செறிந்திருப்பதை 2011-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜென்னி மியோஸ்பெர்க் குழு காட்டியபோது ஒவ்வாமை பற்றிய பாடமே மாறியது. ஐ.எல்.சி.-2வும் டிஎச்-2 என்ற வகை டி செல்லும் சேர்ந்து இன்டர்லூகின் 4, 5, 13 மூன்றையும் கொட்டுகின்றன. பி செல்களும் பிளாஸ்மா செல்களும் அந்த இடத்திலேயே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கின்றன. ஸ்டேஃபிலோகாக்கஸ் நச்சுக்கு எதிரான ஐஜிஇ சதைக்குள்ளேயே இருப்பதை கென்டின் கிளாஸ் பாஹெர்ட் குழு 2001-இல் பதிவு செய்தது. மேக்ரோஃபேஜில் ஒரு வகை, ரத்தம் உறையும் பாதையின் பதின்மூன்றாம் காரணியைத் திசுவுக்குள் விடுகிறது. ஃபைப்ரின் வலை கட்டுகிறது, அதைக் கரைக்கும் நொதியோ குறைந்துபோகிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2013-இல் சொன்னது இது. சதை ஏன் இவ்வளவு நீரைத் தேக்கிக்கொண்டு பொதபொதவென்று இருக்கிறது என்பதற்கு நான் கேட்டதில் மனதுக்கு ஒத்துப்போகும் விளக்கம் இதுதான். கடைசியாக, மேற்சவ்வின் அடிச் செல்கள். பழைய அழற்சியை அவை நினைவில் வைத்திருப்பதாக 2018-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீங்கள் எவ்வளவு சுத்தமாக வெட்டி எடுத்தாலும் அடியில் மிஞ்சும் செல்லுக்கு நினைவிருக்கிறது என்றால், திரும்பி வருவதைக் கத்தியின் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

இதில் பாதிச் செல்லைச் சாதாரணச் சாயத்தில் என்னால் காட்ட முடியாது. ஐ.எல்.சி.-2 தெரியாது, மாஸ்ட் செல்லுக்கு வேறு சாயம் வேண்டும். ஆனால் ஈசினோஃபில், நியூட்ரோஃபில், பிளாஸ்மா செல், நார், அடிச்சவ்வின் தடிப்பு ஆகியவை இப்போது போடுகிற அதே ஸ்லைடில், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் தெரிகின்றன. எண்ணுவதற்குச் சில நிமிஷம் போதும்.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்று உங்களில் ஒருவராவது இந்நேரம் முணுமுணுத்திருப்பீர்கள். எண் எதுவானாலும் மூக்கு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும்தானே முதல் சிகிச்சை? உண்மைதான். பிரிவு அதற்கு அடுத்த படியில் வருகிறது. நியூட்ரோஃபில் நிறைந்த சதை வாய்வழி ஸ்டீராய்டுக்கு அவ்வளவாக மசியாது என்று சீனாவின் குவாங்சோ குழு 2012-இல் காட்டியது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் கணக்கு 2023-இல் சொன்னது. இந்த ஊரில், பலனே தராத சதைக்குத் திரும்பத் திரும்ப பிரெட்னிசோலோன் எழுதினால் சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும், இடுப்பெலும்பு கெடும். அந்தத் துயரமெல்லாம் உங்கள் ஓ.பி.க்கு வராது, வேறு டிபார்ட்மென்டுக்குப் போகும். அதனால் உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம், ஈசினோஃபில் குவிந்த சதை. கென்டில் அறுவை செய்துகொண்ட 38 பேரைப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது 30 பேருக்குச் சதை திரும்ப வளர்ந்திருந்தது. 14 பேர் அதற்குள் இன்னொரு முறை மேஜையில் படுத்திருந்தார்கள். பெய்ஜிங் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பின் ஒரு ஃபீல்டில் ஈசினோஃபில் 55-ஐத் தாண்டினாலோ மொத்த அழற்சிச் செல்களில் 27 சதவீதத்தைத் தாண்டினாலோ சதை திரும்பி வருமென எதிர்பார்க்கலாம் என்றார்கள். அப்படிப்பட்டவரைப் புண் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பி, 'தொந்தரவு இருந்தா வாங்க' என்று சொல்வது சரியா? 'இது திரும்பி வரும் வகை. ஸ்ப்ரேயை நிறுத்தாதீங்க, இத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கோப் பார்க்கணும், ஆஸ்பிரின் போட்டா மூச்சு இழுக்குமான்னு சொல்லுங்க' என்று முதல் நாளே பேசலாமே. எண் கையில் இருந்தால் அந்தப் பேச்சு உங்களுக்கே எளிதாக வரும்.

ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. மூக்குச் சதைக்கென்று அமெரிக்காவில் 2019-இல் டுபிலுமாப், 2020-இல் ஓமலிசுமாப், 2021-இல் மெபோலிசுமாப் அனுமதி பெற்றன. முதலாவது இன்டர்லூகின் 4, 13 இரண்டின் வழியையும் அடைக்கிறது, இரண்டாவது ஐஜிஇ-யை, மூன்றாவது இன்டர்லூகின்-5ஐ. யாருக்குத் தரலாம் என்பதற்கு ஐரோப்பிய மருத்துவர்களின் 2020-ஆம் ஆண்டு ஆவணம் சொன்ன அளவுகோல்களில் ஒன்று, 400 மடங்குப் பெருக்கத்தில் ஒரு ஃபீல்டுக்குப் பத்து ஈசினோஃபிலாவது சதையில் இருப்பது. நம் நோயாளிகளில் எத்தனை பேரால் அந்த விலையைத் தாங்க முடியும் என்ற கேள்வி எனக்கும் உண்டு. விலை அதிகமாக இருப்பதாலேயே யாருக்குப் பலிக்கும், யாருக்கு வீண் என்பதை முன்கூட்டிப் பிரித்தாக வேண்டும். ஜப்பான் 2015-இல் ஈசினோஃபில் வகைச் சைனஸ் நோயை அரசு உதவி பெறும் கடினநோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்று சதையில் ஈசினோஃபில் 70 என்ற எண். நாளைக்கு நீங்களும் நானும் நம் அரசிடம் இப்படி ஒன்றைக் கேட்கப் போனால், எங்கே கணக்கு என்பார்கள். எதை எடுத்துக் காட்டுவோம்?

பத்து, ஐம்பத்தைந்து, எழுபது என்று ஊருக்கு ஒரு எல்லை இருந்தால் எதை நம்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் 'அதிகம்', 'மிதம்' என்ற அடைமொழி வேண்டாம், எண்ணையே எழுதச் சொல்லுங்கள் என்கிறேன். எல்லை நாளைக்கு மாறலாம். எழுதிய எண் மாறாது. எங்கள் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் 18 என்றும் இன்னொன்றில் 22 என்றும் பொறித்திருக்கும். ஒரே 400 மடங்கில் இரண்டாவதில் தெரியும் பரப்பு ஒன்றரை மடங்கு. வெறும் 'ஃபீல்டுக்கு இத்தனை' என்று நாங்கள் எழுதினால் அது அரைகுறை. சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி எங்களை நெருக்குங்கள்.

வெளிநாட்டு எண்ணை அப்படியே வாங்கி நம் நோயாளி மேல் போர்த்தவும் முடியாது. கென்டில் எடுத்த சதையையும் தென் சீனாவில் எடுத்த சதையையும் 2008-இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான். ஆனால் பெல்ஜியச் சதை ஈசினோஃபிலும் இன்டர்லூகின்-5உமாக இருந்தது. சீனச் சதை நியூட்ரோஃபில் பக்கமும் டிஎச்-1, டிஎச்-17 பக்கமும் சாய்ந்திருந்தது. ஊர் மாறினால்தான் மாறும் என்றும் இல்லை. தாய்லாந்தில் ஒரே இடத்துச் சதைகளைப் பத்துப் பன்னிரண்டு வருஷ இடைவெளியில் ஒப்பிட்டபோது ஈசினோஃபில் வகை கூடியிருந்தது. மதுரையின் மூக்கும் திருவள்ளூரின் மூக்கும் இதில் எந்தப் பக்கம் என்பது நம் அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் ஸ்லைடுகளில் இருக்கிறது. எண்ணினால் வெளியே வரும்.

ரத்தப் பரிசோதனையிலேயே ஈசினோஃபில் தெரிகிறதே, சதையில் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. ஜப்பானியர்கள் ரத்த எண்ணிக்கை, சி.டி.யில் எத்மாய்டு நிழல், இரு பக்கச் சதை ஆகியவற்றுக்கு மார்க் போட்டு 11-ஐத் தொட்டால் சந்தேகி என்கிறார்கள், நல்ல முறைதான். ஆனால் குடல் புழுவும் யானைக்கால் புழுவும் ரத்த ஈசினோஃபிலைத் தூக்கிவிடும் ஊர் நம்முடையது. இங்கே ரத்தம் சொல்வதைச் சதையிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

இனி என் வேண்டுகோள். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கருப்புப் பூஞ்சையோடு நோயாளிகள் வரிசையில் வந்த அந்த வாரங்களில் நீங்கள் அனுப்பிய சீட்டுகள் எப்படி இருந்தன? சர்க்கரை எவ்வளவு, ஸ்டீராய்டு எத்தனை நாள், எந்தப் பக்கம், எந்தச் சைனஸ் எல்லாம் இருந்தது. பாட்டில் வந்து சேரும் முன்பே உங்கள் போன் வந்தது. உயிர் போகும் நோய் என்பதால் அப்படி. மூக்குச் சதை உயிரை எடுப்பதில்லை. வருஷக்கணக்கில் தூக்கத்தையும் சமையல் வாசனையையும் எடுக்கிறது. அந்தச் சீட்டில் பாதியளவு தகவல் போதும்.

இரு பக்கச் சதையையும் ஒரே பாட்டிலில் போடாதீர்கள். இடம் எழுதி இரண்டாக அனுப்புங்கள். டிபிரைடரில் அரைத்தெடுத்தால் சக்‌ஷன் வழியில் வலைப் பையைப் பொருத்தி அதில் தங்குவதை அனுப்புங்கள்; அதோடு ஃபோர்செப்ஸால் எடுத்த ஒரு முழுத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. நசுங்கிய சதையில் எண்ண முடியாது. பழுப்புச் சளியைத் தனி டப்பாவில் அனுப்புங்கள். ஒவ்வாமைப் பூஞ்சைச் சைனஸ் நோய் நம் நாட்டில் அரிதல்ல. அதன் சாட்சியான பூஞ்சை இழைகள் அந்தச் சளிக்குள்தான் ஒளிந்திருக்கும். சளியில் பாதியை ஃபார்மலின் இல்லாமல் மைக்ரோபயாலஜிக்கு அனுப்பினால்தான் வளர்த்துப் பார்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஸ்டீராய்டு. அறுவைக்கு முன் ரத்தக்கசிவைக் குறைக்க ஒரு வாரம் பத்து நாள் மாத்திரை கொடுத்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஸ்டீராய்டு ஈசினோஃபிலைக் கொன்றுவிடும். எங்களுக்கு வருவது பாதி காலியான சதை. அதைச் சீட்டில் சொல்லாவிட்டால் நான் எழுதும் 'ஈசினோஃபில் குறைவு' என்பது உங்களையே தவறான வழியில் அனுப்பும். சந்தேகமுள்ள நோயாளிக்கு மாத்திரை தொடங்கும் முன் ஓ.பி.யிலேயே சிறு துண்டு ஒன்றை எடுத்து அனுப்ப முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. ஆஸ்துமா உண்டா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா, இது எத்தனையாவது அறுவை என்று இன்னும் மூன்று சொல் சேருங்கள்.

பிறகு, ரிப்போர்ட்டில் செல் எண்ணிக்கை இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், வேலைப்பளு என்பார்கள். பளு இருப்பது நிஜம்தான். வழக்கமான வேலைக்கு நடுவிலேயே இப்படிக் கட்டங்களில் நிரப்பும் அறிக்கையைத் தர முடியும் என்று சிட்னியிலிருந்து 2012-லேயே எழுதிவிட்டார்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் நாங்கள் எண்ணத் தொடங்குவோம். நீங்கள் கேட்காதவரை எங்கள் தலைவர்களிடம் இதற்கு நேரம் கேட்க எனக்கு வாய் இல்லை.

எண் கைக்கு வந்ததும் அதை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதுங்கள். கேஸ் ஷீட் உங்கள் ரெக்கார்ட் ரூமில் தங்கிவிடும். சம்மரிதான் நோயாளியோடு அடுத்த ஊருக்கும் அடுத்த டாக்டரிடமும் போகும். 'இடது எத்மாய்டு: ஈசினோஃபில் ஃபீல்டுக்கு 80, ஸ்டீராய்டு எடுக்கவில்லை' என்று ஒரு வரி அதில் இருந்தால், ஐந்து வருஷம் கழித்து அவரைப் பார்க்கப்போகும் முகம் தெரியாத மருத்துவர் பாதியிலிருந்து தொடங்கலாம்.

அடுத்த பாட்டிலிலிருந்தே தொடங்கிவிடலாம். சீட்டில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதுங்கள். கையெழுத்தைப் படித்துக்கொள்வது என் பாடு.

இப்படிக்கு,
நீங்கள் அனுப்பும் சதையைச் சீவிப் பார்க்கும் ஒரு பேத்தாலஜி டாக்டர்